சோடித் திரி

டிசம்பர் 1, ஞாயிறு

எழுதினால் துக்கம் இறங்கும் என்று சொல்லி கான்வென்ட் சிஸ்டர் இந்த டைரிப் பழக்கத்தை ஏற்படுத்திவிட்டு நாலு வருஷம் ஆகிறது. இறங்கவில்லை. கோழி அடை வைத்த நாளையும் மழை பெய்த நாளையும் எழுதத்தான் உதவுகிறது. இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது. வயிறு எரிகிறது.

திருவருகைக் கால முதல் ஞாயிறு, கிறிஸ்துமஸ் ஆயத்தம் இன்று தொடங்குகிறது. பூசை முடிந்ததும் புதுச் சாமியார் சோடித் திரிக்குப் பெயர் வாசித்தார். எங்கள் மலைக்கோவிலில் கிறிஸ்துமஸுக்குக் கடை மெழுகுதிரி ஏற்றுவதில்லை. கோவிலுக்குப் பின்னால் கொட்டகையில் பெண்கள் நாங்களே மெழுகு காய்ச்சி, திரியை அதில் முக்கி முக்கி எடுப்போம். மூங்கில் கம்பின் நடுவில் ஒரு நீளத் திரியை மடித்துத் தொங்கவிட்டால் இரண்டு முனையும் இரண்டு மெழுகுதிரியாகப் பருக்கும். கம்பை ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேர் பிடிக்க வேண்டும். வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது. பங்கில் யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லையோ அவர்களைத்தான் சோடி சேர்ப்பார்கள். கிறிஸ்துமஸ் அன்று பீடத்துக்கு முன்னால் திரியை நடுவில் வெட்டி, ஆளுக்கொன்றை ஏற்றிக் கை கொடுத்துக்கொண்டால் சண்டை முடிந்தது. எந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சாமியாரோ ஆரம்பித்துவைத்த வம்பு. வேலித் தகராறும் வாய்க்கால் தகராறும் இதில் தீர்ந்திருக்கின்றன, இல்லையென்று சொல்லமாட்டேன்.

"எமரென்சியா சந்தியாகு. ஜெசிந்தா தொம்மை."

கோவிலில் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பழைய சாமியாருக்கு அறிவு இருந்தது. எங்கள் இரண்டு பேர் பெயரையும் அவர் தொட்டதில்லை. ஜெசிந்தாவின் மகன் கிளமென்ட் குடித்துவிட்டு வண்டி ஓட்டி என் மெல்கியோரைக் கொன்றான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரட் இறக்கிவிட்டு இரண்டு பேரும் திரும்பி வரும்போது மலைப்பாதை வளைவில் பிக்கப்பை உருட்டினான். ஆறு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்துவிட்டான். என் பிள்ளை வரவில்லை. இது வேலித் தகராறா?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் பீன்ஸ் விதையைப் புடைத்துக்கொண்டே, "போயிட்டு வா" என்றார். கட்டின பெண்டாட்டி பொங்கிக்கொண்டு நிற்கிறாள், இவருக்கு பீன்ஸ் விதை.

டிசம்பர் 4, புதன்

காலையில் உறைபனி. உருளைக்கிழங்குச் செடி கருகிவிட்டது. சிலிண்டர் வரவில்லை.

டிசம்பர் 7, சனி

போனேன். போகாவிட்டால் நான்தான் கல்நெஞ்சுக்காரி என்று ஊர் சொல்லும், அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் கொடுக்க மனசில்லை.

பெரிய அண்டாவில் வெந்நீர், அதற்குள் உயரமான தகர டின், டின் நிறைய மெழுகு. எட்டு சோடி வரிசையில் நின்றோம். திரி நுனிகளில் இரும்பு நட்டு கட்டியிருந்தார்கள், நேராகத் தொங்குவதற்கு. ஒருத்தி "முக்கு" என்று சொல்ல வேண்டும், மற்றவள் "தூக்கு" என்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் பேச வேண்டிய கட்டாயமில்லை. சாமியார் என்னை "முக்கு" சொல்லச் சொன்னார்.

"முக்கு" என்றேன். "தூக்கு" என்றாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்கிறேன். அதே கட்டைக் குரல். முக்கியவுடனே தூக்கிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் புது மெழுகு ஒட்டுவதற்குப் பதிலாகப் பழைய மெழுகும் கரைந்து டின்னுக்குள் போய்விடும். தூக்கியதைக் குளிரில் ஆறவைத்து, வரிசை சுற்றி வந்ததும் மறுபடி முக்க வேண்டும். மதியத்துக்குள் திரி ஈர்க்குச்சி கனம் ஆனது.

ஜெசிந்தா இளைத்திருக்கிறாள். நன்றாக வேண்டும்.

டிசம்பர் 8, ஞாயிறு

மாதா திருநாள். பூசைக்குப் போகவில்லை, கால் வலி என்று சொல்லிவிட்டேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 10, செவ்வாய்

கம்பளிகளை வெயிலில் போட டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் மெல்கியின் செருப்பு இருக்கிறது, வலது கால் மட்டும். விபத்து நடந்த அன்று போலீஸ் வருவதற்கு முன்னாலேயே இவர் கீழே இறங்கிப் போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் அந்த ஒற்றைச் செருப்பு இருந்தது. எங்கே கிடந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வண்டி உருளும்போது செருப்பு எங்கே வேண்டுமானாலும் போய்க் கிடக்கும்.

கம்பளிகளை மடித்து வைத்தேன். பூச்சி அரித்திருக்கிறது, நாப்தலின் வாங்க வேண்டும்.

டிசம்பர் 14, சனி

இரண்டாம் முறை. கொட்டகையில் பேச்செல்லாம் கிளமென்டின் கல்யாணத்தைப் பற்றித்தான். வத்தலக்குண்டுப் பக்கம் பெண். பெயர் நிர்மலி, நர்சு வேலை பார்க்கிறாளாம். ஜனவரியில் கல்யாணம். நான் நிற்பதைப் பார்த்ததும் பேச்சை அமுக்கினார்கள். அமுக்காவிட்டால் மட்டும் எனக்குக் காது கேட்காமல் போய்விடுமா?

என் மெல்கிக்கு இருபத்தைந்து வயதில் குழி வெட்டினோம். அவனுக்கு மாலை.

முக்கும்போது சூடான மெழுகு ஒரு சொட்டு என் மணிக்கட்டில் விழுந்தது. நான் கையை உதறவில்லை, உதறினால் கம்பு ஆடும். ஜெசிந்தா முந்தானையால் எட்டி அதைத் துடைத்துவிட்டாள். சின்ன வயதில் அடுப்படியில் இப்படித்தான் செய்வாள். இரண்டு பேரும் ஒரே தெருவில் வாக்கப்பட்டு வந்தோம், ஒரே அடுப்பில் பலகாரம் சுட்டோம், பிள்ளைகள் ஒரே பாயில் புரண்டார்கள். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

வெளியே கிளமென்ட் விறகு கொண்டுவந்து போட்டான். இடது காலை இழுத்து நடக்கிறான், இடது தோளும் சரியாகத் தூக்க வரவில்லை. வண்டி இடது பக்கமாகத்தான் பாறையில் மோதியது. "இவனுக்கு ரிவர்ஸ் எடுக்கக்கூட வராதும்மா, ஸ்டீரிங்கப் பாத்தாலே வேர்க்கும்" என்று மெல்கி அவனைக் கேலி செய்துகொண்டே இருப்பான். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டிருப்பான். மனுஷன் எப்போது எதைக் கற்றுக்கொள்கிறான் என்று யாருக்குத் தெரியும்.

திரி இப்போது பென்சில் கனம்.

டிசம்பர் 15, ஞாயிறு

கோவிலில் முதல் ஓலை வாசித்தார்கள். கிளமென்டுக்கும் நிர்மலிக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும், இரண்டாம் ஓலை அடுத்த ஞாயிறு, மூன்றாவது அதற்கடுத்த ஞாயிறு. எல்லாரும் முன்னால் பார்த்தபடியே என்னைப் பார்த்தார்கள். அது ஒரு தனித் திறமை. நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 18, புதன்

ரவை வாங்கினேன், பலகாரம் சுடவில்லை. இவருக்கு மூச்சு இரைக்கிறது, கசாயம் வைத்துக் கொடுத்தேன். "கிளமென்டு கல்யாணத்துக்கு நாம ஏதாச்சும் செய்யணும்" என்றார். கசாயத்தைத் தரையில் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றவில்லை, மிளகு விலை அப்படி.

டிசம்பர் 21, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடைசி முக்கல் இன்று. காலையிலிருந்தே நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது, மெழுகு தண்ணீர் மாதிரி இருந்தது. எங்கள் திரி சுண்டுவிரல் கனத்துக்கு வந்திருந்தது. எட்டு சோடியில் எங்களுடையதுதான் நேராக, வழவழவென்று வந்திருக்கிறது என்று சாமியாரே சொன்னார்.

நான் "முக்கு" என்று சொல்லி, திரி டின்னுக்குள் இறங்கிய சமயம் பார்த்து இரண்டு பெண்கள் கொட்டகைக்குள் வந்தார்கள். ஒருத்தி நிர்மலியின் அம்மா. இன்னொருத்தி அத்தை, பெயர் செசிலி. பேசியதெல்லாம் செசிலிதான்.

"மெல்கியோர் அம்மா யாரு, நீங்களாக்கா? கோவிச்சுக்காதீக. புள்ளையக் குடுக்குற எடத்துல நாலையும் விசாரிக்கணும்ல. ஆளுக்கொண்ணு சொல்றாக. குடிச்சிட்டு ஓட்டிக் கொன்னுட்டான்னு சிலபேரு. அவன் ஓட்டவே இல்ல, செத்த பையன் மேல பழி வரக்கூடாதுன்னு தன் தலையில போட்டுக்கிட்டான்னு சிலபேரு. பறிகுடுத்தவுக நீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாங்க நம்பி மூணாவது ஓலை வரைக்கும் போயிருவோம்."

கொட்டகையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெசிந்தா என்னைப் பார்க்கவில்லை. டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன்தான் ஓட்டுனான்" என்றேன். "குடிச்சிருந்தான். கோர்ட்டுல அவனே ஒத்துக்கிட்டான்."

செசிலி என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். தலையை ஆட்டினாள். நிர்மலியின் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜெசிந்தா "தூக்கு" சொல்லவில்லை. சொல்லாவிட்டால் போகிறது என்று நான் என் முனையைத் தூக்கினேன். அவள் தன் முனையை டின் விளிம்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் மேலே இழுக்க, அவள் கீழே அழுத்த, திரி மெழுகுக்குள்ளேயே நின்றது.

"ஒனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வண்டிய ஓட்டுனது மெல்கி. ஆஸ்பத்திரில ஸ்ட்ரெச்சர்ல கெடந்த எம்புள்ள சட்டையப் புடிச்சு, நீதான ஓட்டுன, சொல்றா நீதானன்னு உலுக்குன. கூட்டாளி செத்துக் கெடக்கான், அவனப் பெத்தவ கத்துறா. எம்புள்ள ஆமான்னுட்டான். அப்புறம் அத மாத்தல. நாஞ் சொல்லிப் பாத்தேன். பெரியம்மாவுக்கு வேற என்ன மிச்சமிருக்கு, போகட்டும்மான்னான். ஜெயிலுக்குப் போனான். நானும் வாயக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். நீ என்னைக்காச்சும் ஒருநா வாயத் தொறப்பன்னு நெனச்சேன் எமரென்சி. இன்னைக்கித் தொறந்த."

அவள் கையை எடுத்தாள். கம்பு சட்டென்று என் பக்கம் மேலே வந்தது. மூன்று வாரம் முக்கியதெல்லாம் கரைந்து போயிருந்தது. நனைந்த நூல் இரண்டு தொங்கியது, நுனியில் நட்டு.

ஆஸ்பத்திரியில் நான் கேட்டேன், அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

டிசம்பர் 22, ஞாயிறு

இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை.

டிசம்பர் 25, புதன்

ஏழு சோடிகள் திரி வெட்டி ஏற்றினார்கள். எட்டாவது இடத்தில் குத்துவிளக்கை நகர்த்தி வைத்து மறைத்திருந்தார்கள். ஜெசிந்தா வரவில்லை. இவரும் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பினேன், கோழிக் குழம்பு வைத்தேன், இலை போட்டேன். இவர் உட்காரவில்லை.

"சாப்புடுங்க" என்றேன்.

"அந்தச் செருப்பு" என்றார். "பிரேக்குக்கு அடியில சிக்கியிருந்துச்சு. காலு செருப்புக்குள்ளதான் இருந்துச்சு. நாந்தான் மெதுவா உருவி எடுத்தேன். அவனைத் தூக்கி வெளிய புல்லுல கெடத்துனதும் நாந்தான். பெத்த புள்ளையில்லையா, குடிகாரன்னு பேர் வரக்கூடாதுன்னு பாத்தேன். இந்தக் கிளமென்டுப் பயல உள்ள போடுவாங்கன்னு நெனக்கல."

"ஏன் இப்பச் சொல்றீங்க?"

"நீ கேப்பன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீ கேக்கவே மாட்டன்னு இப்பத்தான் தெரிஞ்சது."

குழம்பை நாய்க்கு ஊற்றினேன். எனக்கு இவர் மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நாலு வருஷம் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கமாக அதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

டிசம்பர் 28, சனி

ரேஷனுக்குப் போனேன். பஸ் நிறுத்தத்தில் கிளமென்ட் பையோடு நின்றான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலையாம், ஒரு ஆள் சேர்த்துவிடுகிறாராம். என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொள்வான் என்று நினைத்தேன். திருப்பவில்லை.

"வர்றேன் பெரியம்மா" என்றான். "பெரியப்பாவுக்கு மூச்சு எளைக்குதாமே. வத்தலக்குண்டுல ஒரு டாக்டர் இருக்காரு. கூட்டிட்டுப் போங்க."

திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். பஸ் ஏறும்போது இடது காலை இரண்டு கையாலும் தூக்கிப் படியில் வைத்தான். அரிசி வாங்காமல் வந்துவிட்டேன்.

டிசம்பர் 30, திங்கள்

இன்று வத்தலக்குண்டு போய் வந்தேன். செருப்பை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

நிர்மலி வீட்டில் காபி கொடுத்தார்கள். நான் காபியைத் தொடாமல் சொன்னேன். வண்டியை ஓட்டியது என் மகன், குடித்திருந்ததும் என் மகன், கிளமென்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அவனுக்கு ஓட்டவே தெரியாது. செருப்பை எடுத்து வைத்து, எங்கே சிக்கியிருந்தது என்றும் சொன்னேன். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

செசிலியின் கண் கலங்கியது. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பெத்த புள்ள பேரையே கெடுத்து இன்னொருத்தி புள்ளைய வாழவைக்க வந்துருக்கீகளே. இந்த மனசு யாருக்கு வரும்?"

"பேரக் கெடுக்கல. நெசத்தைச் சொல்றேன்."

"சண்டக்காரங்களச் சோடி சேத்துத் திரி முக்கச் சொல்வாகளாமே உங்க கோவில்ல. உங்க ரெண்டு பேரையும் இந்த வருசம் சேத்து விட்டாகன்னு கேள்விப்பட்டோம். அவுகளுக்காகத்தான வந்தீக? எனக்குப் புரியுதுக்கா."

"அதுக்காக இல்லம்மா. அன்னைக்கி நாஞ் சொன்னதுதான் பொய்."

அவள் தலையை ஆட்டிச் சிரித்தாள், அழுதுகொண்டே. "அன்னைக்கி நீங்க சொல்றப்போ உங்க மூஞ்சியப் பாத்தேன். அதுல பொய் இல்ல. பெத்த வயிறு எரியிறது தெரிஞ்சது. இன்னைக்கித்தான் நீங்க மனசக் கல்லாக்கிக்கிட்டு வந்துருக்கீக."

செருப்பை எடுத்துப் பார்த்தாள். "மகன் செருப்பக்கூட பத்திரமா வச்சிருக்கீகளே" என்று சொல்லி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. நிர்மலிக்கு வேறு இடம் பார்த்துவிட்டார்கள், பொங்கல் கழித்து நிச்சயமாம். அவள் ஒரு தடவை கதவோரம் வந்து நின்று என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

காபியைக் குடிக்கவைத்துத்தான் விட்டார்கள். சர்க்கரை அதிகம்.

ஜனவரி 2, வியாழன்

ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, உள்ளே ரேடியோ பாடியது. தட்டினேன். ரேடியோவை நிறுத்தினாள். கதவைத் திறக்கவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

மூன்று ராஜாக்கள் திருநாள். நாளைக்கு மெல்கியின் பிறந்தநாள், அதனால்தான் அந்த ராஜாக்களில் ஒருவர் பெயரை அவனுக்கு வைத்தோம்.

செசிலி சாமியாருக்கு போன் போட்டுவிட்டாள். பிரசங்கத்தில் ராஜாக்கள் கொண்டுவந்த பொன், தூபம் எல்லாம் சொல்லிவிட்டு, சாமியார் என் பெயரைச் சொன்னார். "தன் ஒரே மகனைப் பறிகொடுத்த தாய், அவன் சாவுக்குக் காரணமானவனை மன்னித்தது மட்டுமல்ல, அவன் வாழ்வுக்காகத் தன் மகனின் நற்பெயரையே காணிக்கையாகக் கொடுக்கத் துணிந்தார். ராஜாக்கள்கூட இப்படி ஒரு காணிக்கை கொண்டுவரவில்லை."

நான் எழுந்து நின்றேன். "சாமி, காணிக்கை இல்ல. அது நெசம். எம்மகன்தான் ஓட்டுனான். அந்தப் பையன் சும்மா பழி சுமந்தான்."

சாமியார் கண்ணை மூடித் திறந்தார். "இதுதான் தாழ்மை" என்றார். கோவில் முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. பின் பெஞ்சில் யாரோ விசும்பினார்கள். இவர் தலையைக் குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரும் எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இவருடைய தாழ்மையையும் சேர்த்துப் பாராட்டியிருப்பார்கள்.

எட்டாவது சோடிக்குத் திரி வெட்டுவதை இன்று வைத்துவிடலாம் என்று சாமியாரே ஏற்பாடு செய்திருந்தார். எங்கள் திரிதான் கரைந்து போயிற்றே. கடையில் வெள்ளை மெழுகுதிரி இரண்டு வாங்கி, ஒரு நூலால் இரண்டையும் முடிச்சுப் போட்டு பீடத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். ஜெசிந்தாவை மாதர் சங்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அழைத்து வந்தார்கள். நூலை வெட்ட என்னிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். வெட்டினேன். ஏற்றினேன். கடை மெழுகு, உடனே பிடித்துக்கொண்டது.

கை கொடுத்துக்கொள்ள வேண்டும். ஜெசிந்தா என் கையைப் பிடித்தாள். இவரை விட்டால், அவள் மட்டும்தான் அந்தக் கோவிலில் என்னை நம்பியவள். நான் வாயைத் திறப்பேன் என்று நாலு வருஷமாக நம்பியவள். ஏதாவது சொல்வாள், காறித் துப்பினாலும் சரி என்று நின்றேன்.

"மன்னிச்சதுக்கு நன்றி எமரென்சி" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. எல்லாரும் கை தட்டினார்கள்.